ஓர் எண்ணெய், மூன்று கடமை

சிராங்கூன் சாலையின் மளிகைக் கடைகளுள் எதில் நுழைந்தாலும் எண்ணெய்க்கென ஓர் அடுக்கு தனியே இருக்கும். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், விளக்கெண்ணெய் என வரிசையாக நிற்கும் புட்டிகளைக் கண்டு எந்த இல்லத்தரசியும் மயங்குவதில்லை. தாளிப்பதற்கு எது, தலைக்குத் தேய்ப்பதற்கு எது, விளக்கேற்றுவதற்கு எது, குழந்தையின் வயிற்றுக்கு எது என்பதை அவர் நன்கறிவார். விலை கூடியது என்பதற்காக விளக்கெண்ணெயில் வடை சுடுவாரும் உண்டோ?

எள்ளின் நெய்யே எண்ணெய் என்று தமிழாசிரியர்கள் வகுப்பிலே சொல்லிக் கொடுப்பது வழக்கம். ஒரு வித்தின் பெயரால் பிறந்த அச்சொல், காலப்போக்கில் எல்லா வித்துகளின் நெய்க்கும் பொதுப்பெயராயிற்று. இன்று நிலத்தின் ஆழத்திலிருந்து இறைக்கப்படுவதற்கும் அதுவே பெயர். பெயர் பொதுவாகிவிட்டது, ஆயினும் பயன் பொதுவாகிவிடவில்லை. இவ்வுண்மையை அடுப்படியில் மறவாத தமிழர், வண்டிப் பட்டறையில் மறந்துவிடுகின்றனர்.

சிராங்கூன் சாலையிலிருந்து சற்று நடந்தால் ஜாலான் புசார் வட்டாரம் வந்துவிடும். இரும்புச் சாமான் கடைகளும் வண்டி உதிரிப்பாகக் கடைகளும் நிறைந்த இடம் அது. அங்கும் எண்ணெய்க்கென ஓர் அடுக்கு உண்டு. பல நிறக் கலன்கள். அவற்றின்மேல் எண்களும் எழுத்துகளும். மளிகைக் கடையில் தாயார் காட்டிய தெளிவு, இங்கே நிற்கும் மகனிடம் காணப்படுவதில்லை. “கெட்டியானது நல்லது” என்பார் ஒருவர். “விலை உயர்ந்தது நல்லது” என்பார் மற்றொருவர். “உன் வண்டியில் டர்போ இருக்கிறதல்லவா? ‘டர்போ’ என்று எழுதியதை எடு” என்பார் மூன்றாமவர். மூவர் சொல்லும் நல்லெண்ணத்தில் பிறந்தவையே. எனினும் மூவரும் எண்ணெய் செய்யவேண்டிய வேலையை எண்ணிப் பார்த்துச் சொன்னவர் அல்லர்.

வண்டி மையிலிருந்து

உராயும் பொருள்களுக்கிடையே வழுவழுப்பை இடுதல் தமிழர்க்குப் புதிதன்று. தேக்கா வட்டாரம் கால்நடைகளாலும் வண்டிகளாலும் வளர்ந்த பகுதி. கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்ப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்பது பொருள். பஃபலோ சாலை என்னும் பெயரும் அந்நாளைத் தொழிலை இன்றளவும் நினைவூட்டி நிற்கிறது. மாட்டுவண்டி ஓட்டியவர், வைக்கோற் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மையாக்கி அச்சுக்கு இடுவார். மை உலர்ந்த சக்கரம் கிறீச்சிடும், மாடு இளைக்கும், அச்சு தேயும். புறநானூற்றில் ஔவையார் பாடலொன்று, உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் சேம அச்சினைப் பேசுகிறது. வழியில் வரப்போவதை வீட்டிலேயே எண்ணிப் பார்க்கும் பண்பு அத்துணைப் பழைமையானது.

அந்த ஆமணக்கு, மாட்டுவண்டியோடு நின்றுவிடவுமில்லை. இங்கிலாந்தில் சார்லஸ் வேக்ஃபீல்டு என்பவர் 1899ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனம், 1909ஆம் ஆண்டில் ஆமணக்கெண்ணெய் கலந்த எஞ்சின் எண்ணெயொன்றை விற்கத் தொடங்கியது. ஆமணக்கெண்ணெயைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரான ‘காஸ்டர்’ என்பதினின்றே ‘காஸ்ட்ரால்’ என்னும் பெயர் பிறந்தது. முதல் உலகப் போரின் விமானங்களும், பந்தய மோட்டார் சைக்கிள்களும் ஆமணக்கெண்ணெயை நம்பி ஓடின. கடும் வெப்பத்திலும் உலோகத்தைப் பற்றி நிற்கும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆனால் நாள்பட்டால் பிசினாகிவிடும் குறையும் உண்டு. ஆகவே அன்றாட வண்டிகளுக்கு நில எண்ணெயிலிருந்து வடித்தெடுத்த மசகெண்ணெயே நிலைத்தது.

அந்நில எண்ணெயின் வரலாற்றில் சிங்கப்பூருக்கும் இடமுண்டு. 1892ஆம் ஆண்டில் ‘மியூரெக்ஸ்’ என்னும் கப்பல் மண்ணெண்ணெயைச் சுமந்து சூயஸ் கால்வாய் வழியே கிழக்கே வந்தபோது, அதன் சரக்கை ஏற்கப் புக்கோம் தீவில் தொட்டிகள் அமைக்கப்பட்டிருந்தன. 1961ஆம் ஆண்டில் அதே தீவில் நாட்டின் முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை எழுந்தது. எண்ணெயால் செழித்த இத்தீவில் வாழ்வோர், ஓர் எண்ணெய்க் கலனின்மேல் எழுதியிருப்பதைப் படித்தறியாமல் இருத்தல் தகுமோ?

டர்போ என்பது யாது?

எஞ்சினுக்குள் எரிபொருள் எரியக் காற்று வேண்டும். காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரியும், ஆற்றலும் மிகும். எரிந்து வெளியேறும் புகையின் விசையைக் கொண்டே ஒரு சிறு சுழலியைச் சுழற்றி, அச்சுழலியின் தண்டிலேயே மறுமுனையில் பொருத்திய மற்றொரு சக்கரத்தால் புதுக்காற்றை அமுக்கி உள்ளே செலுத்தும் கருவியே டர்போ. வீணே போகும் விசையை வேலை வாங்கும் இவ்வழிக்கு ஆல்ஃபிரட் பியூக்கி என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். கப்பல்களிலும் விமானங்களிலும் லாரிகளிலும் பழகிய பின்னரே அஃது இருசக்கர வண்டிக்கு வந்தது.

1978ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கவாசாகி வண்டியொன்று டர்போ பூட்டி விற்கப்பட்டது. ஆயினும் தொழிற்சாலையிலேயே முழுமையாகத் திட்டமிட்டுப் பெருமளவில் உருவாக்கப்பட்ட முதல் வண்டி, ஹோண்டாவின் சிஎக்ஸ்500 டர்போவே. 1982ஆம் ஆண்டு வண்டியாகிய அது 497 கன செண்டிமீட்டர் கொள்ளளவு உடையது. டர்போ இல்லாத அதன் உடன்பிறப்பு ஏறத்தாழ 50 குதிரைத்திறன் தர, இதுவோ 82 தந்தது. யமஹாவின் எக்ஸ்ஜே650 டர்போ, சுசுகியின் எக்ஸ்என்85, கவாசாகியின் 750 டர்போ ஆகியனவும் அடுத்தடுத்து வந்தன. வந்த விரைவிலேயே அவை மறையவும் தொடங்கின. ஓட்டுநர் கைப்பிடியை முறுக்கியபின் ஒரு கணம் ஒன்றும் நிகழாது. பின்னர் ஆற்றல் திடீரெனப் பொங்கும். எடையும் விலையும் பழுதுபார்க்கும் வேலையும் கூடுதல். பெரிய எஞ்சின் ஒன்று அதே ஆற்றலை எளிதாகத் தந்தபோது, டர்போவை நாடுவார் குறைந்தனர். 1980களின் நடுவிலேயே அக்கதை முடிந்தது.

முடிந்த கதையைப் பேசுவானேன் என்று கேட்கலாம். 35 ஆண்டு கடந்த வண்டிகளைப் பழஞ்சிறப்பு வண்டிகளாகப் பதிந்து, வரையறுத்த நாள்களில் மட்டும் ஓட்ட இடந்தரும் திட்டம் சிங்கப்பூரில் உண்டு. அன்றைய டர்போ வண்டிகள் யாவும் இன்று அந்த வயதைக் கடந்தவை. அத்தகைய வண்டிகளை உலகெங்கும் பேணிக் காப்போர் உளர். மேலும், 2024ஆம் ஆண்டு மிலான் நகரக் கண்காட்சியில் ஹோண்டா நிறுவனம், மின்விசையால் காற்றை அமுக்கி ஊட்டும் புதிய எஞ்சினைக் காட்டிற்று. காற்றை அமுக்கும் எண்ணம் மீண்டும் தளிர்க்கிறது.

மூன்று கடமைகள்

மகிழுந்தில் எஞ்சினுக்கு ஓர் எண்ணெய், பற்சக்கரப் பெட்டிக்கு வேறோர் எண்ணெய் என்பது பொது வழக்கம். மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றிற்கோ இடம் குறைவு. எஞ்சின், பற்சக்கரப் பெட்டி, கிளட்ச் ஆகிய மூன்றும் ஒரே எண்ணெயில் நனைந்து வாழ்கின்றன. டர்போ வண்டியில் நான்காவதாக அச்சிறு சுழலியும் வந்து சேர்கிறது. இவற்றின் தேவைகளை வகைப்படுத்தின் எண்ணெய்க்கு மூன்று கடமைகள் அமைவதைக் காணலாம்.

முதற் கடமை, உராய்வைக் குறைத்தல். எஞ்சினுக்குள் பிஸ்டனும், பெட்டிக்குள் பற்சக்கரங்களும் ஒன்றையொன்று தேய்க்காதபடி எண்ணெய் இடைநின்று காக்கவேண்டும். பற்சக்கரங்கள் எண்ணெயை நசுக்கிக் கிழிப்பதால், அதன் பாகுத்தன்மை நாளடைவில் குன்றும். அதைத் தாங்கும் உறுதி வேண்டும்.

இரண்டாம் கடமை முதலாவதற்கு முரணானது போல் தோன்றும். எண்ணெயில் நனைந்த கிளட்சின் தகடுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றினால்தான் எஞ்சினின் விசை சக்கரத்தை அடையும். அங்கே உராய்வு வேண்டும். எரிபொருள் மிச்சமாகவேண்டும் என்பதற்காக மகிழுந்து எண்ணெய்களுள் பலவற்றில் உராய்வை மேலும் குறைக்கும் சேர்மங்களைக் கலக்கின்றனர். அவ்வெண்ணெயை இவ்வண்டியில் ஊற்றினால் தகடுகள் வழுக்கக்கூடும். டர்போவின் ஆற்றல் பொங்கும் கணத்தில் எஞ்சின் அலறும், வண்டியோ முன்செல்லாது. தீவு விரைவுச்சாலையில் லாரியொன்றைக் கடந்து செல்ல முனையும் நேரத்தில் இது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கூறவும் வேண்டுமோ? பின்னிருக்கையில் மனைவியோ தம்பியோ அமர்ந்திருக்கக்கூடும்.

மூன்றாம் கடமை, வெப்பத்தைத் தாங்குதல். டர்போவின் தண்டு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கும் மேலாகச் சுழல்வது. அதன் ஒருபுறம் நெருப்பனைய புகை, மறுபுறம் புதுக்காற்று. இடையே தண்டைத் தாங்குவது மயிரிழை போன்ற எண்ணெய்ப் படலமே. அப்படலம் ஒரு கணம் அறுந்தாலும் உலோகம் உலோகத்தை உண்ணும். எண்ணெய் வெந்து கரியானால் நுண்வழிகள் அடைபடும். அதன்பின் புதிய எண்ணெய் ஊற்றியும் பயனில்லை.

இம்மூன்றையும் ஒருங்கே நோக்கினால், ‘டர்போ’ என்று எழுதியதை எடு என்ற அறிவுரையின் குறை விளங்கும். அப்பெயர் தாங்கிய கலன்கள் பல, டர்போ பூட்டிய மகிழுந்துகளையும் டீசல் லாரிகளையும் கருதி ஆக்கப்பட்டவை. அவை மூன்றாம் கடமையைச் செவ்வனே ஆற்றலாம். இரண்டாம் கடமையை அறியாதவையாக இருக்கலாம். வள்ளுவர் ‘தெரிந்துவினையாடல்’ என ஓர் அதிகாரமே வகுத்து, இன்ன வேலைக்கு இன்னார் தக்கார் என ஆராய்ந்து ஒப்படைக்கச் சொன்னார். எண்ணெய்க்கும் அஃது ஒக்கும்.

கலனின்மேல் எழுதியிருப்பது

கலனின்மேல் உள்ள குறிகளுள் மூன்றைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

முதற் குறி பாகுத்தன்மையைப் பற்றியது. 10டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்பன போன்ற எண்களை வகுத்தது, எஸ்.ஏ.இ. எனப்படும் அமெரிக்கப் பொறியாளர் சங்கம். அதன் முதல் வகைப்பாடு 1911ஆம் ஆண்டில் வந்தது. ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. 10டபிள்யூ எண்ணெயை உறைநிலைக்குக் கீழே 25 டிகிரிக் குளிரில் சோதிக்கின்றனர். இரவிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குதல் அரிதான சிங்கப்பூரில் அக்குளிர் வரப்போவதில்லை. எனினும் முன்னெண் சிறியதாயின், காலையில் எஞ்சினை முடுக்கியவுடன் எண்ணெய் டர்போவை விரைந்து சென்றடையத் துணையாகும். பின்னெண் 100 டிகிரி வெப்பத்தில் உள்ள பாகுத்தன்மையைக் காட்டுவது. மிகக் கெட்டியான எண்ணெய் மெல்ல ஓடும். தன்னுள்ளேயே உராய்ந்து வெப்பத்தையும் கூட்டும். மிக மெல்லியதோ வெப்பத்தில் காப்பாற்றாது. “கெட்டியானது நல்லது” என்பது பாதி உண்மை. வண்டியின் கையேட்டில் தயாரித்தவர் குறித்த எல்லைக்குள் நிற்பதே முறை. அக்காலத்து ஜப்பானிய வண்டிகளுக்கு 10டபிள்யூ-40 பெரிதும் பரிந்துரைக்கப்பட்ட அளவாகும்.

இரண்டாம் குறி ‘ஜாசோ’ எனப்படும் ஜப்பானியத் தர அமைப்பினுடையது. நனைந்த கிளட்ச் வழுக்கும் சிக்கலை உணர்ந்து, மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கெனத் தனித்தரம் ஒன்றை அவ்வமைப்பு 1990களின் இறுதியில் வகுத்தது. ‘எம்.ஏ.’ என்றிருந்தால் நனைந்த கிளட்சுக்கு ஏற்றது. 2006ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது ‘எம்.ஏ.1’, ‘எம்.ஏ.2’ எனப் பகுக்கப்பட்டது. பின்னதன் பிடிப்பு கூடுதல். ‘எம்.பி.’ என்பது உராய்வு குறைந்த வகை. எண்ணெயில் நனையாத கிளட்ச் உடைய ஸ்கூட்டர்களுக்குப் பொருந்தும். சிஎக்ஸ்500 டர்போ பிறந்தபோது இக்குறி பிறக்கவில்லை. ஆதலால் அதன் பழைய கையேட்டில் இதைத் தேடினால் கிடைக்காது. கையேட்டைப் பின்பற்றுவதோடு, கையேட்டுக்குப் பின் வந்த அறிவையும் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

மூன்றாம் குறி எண்ணெயின் பிறப்பைப் பற்றியது. நில எண்ணெயிலிருந்து வடித்தது, செயற்கையாகத் தொகுத்தது, இரண்டும் கலந்தது எனக் கலன்கள் கூறும். டர்போவின் கடும் வெப்பத்திற்குத் தொகுத்த எண்ணெயே ஏற்றது. அஃது எளிதில் கரியாவதில்லை. அவ்வகையுள்ளும் ‘எஸ்டர்’ என்னும் சேர்மத்தைக் கொண்டவை வெப்பத்தில் உறுதியுடன் உலோகத்தைப் பற்றி நிற்பவை. ஜெட் விமானங்களின் சுழலிகளுக்கு ஊற்றுவதும் அவ்வினத்து எண்ணெயே. வியப்பென்னவெனில், ஆமணக்கெண்ணெயும் வேதியியல் முறைப்படி ஓர் எஸ்டரே. பாட்டனார் அச்சுக்கு இட்ட மையும், பேரன் டர்போவுக்கு ஊற்றும் எண்ணெயும் தூரத்து உறவினர் எனலாம். அதற்காகப் பேரனின் வண்டியில் விளக்கெண்ணெயை ஊற்றிவிடுதல் கூடாது!

ஆகவே வெப்பத்தைத் தாங்கும் தொகுத்த எண்ணெய், கையேடு சொல்லும் பாகுத்தன்மை, ‘எம்.ஏ.’ அல்லது ‘எம்.ஏ.2’ குறி ஆகிய மூன்றும் ஒரே கலனில் அமைந்தால் அதுவே டர்போ மோட்டார் சைக்கிளுக்குத் தக்கது. அது கடையிலேயே விலை உயர்ந்ததாக இருக்கவேண்டும் என்பதில்லை. டர்போ இல்லாத சிறு வண்டியில் உணவு கொண்டு சேர்ப்பவருக்கும், ஜோகூரிலிருந்து நாள்தோறும் பாலங்கடந்து வேலைக்கு வருபவருக்கும் முதலிரண்டு குறிகள் அப்படியே பொருந்தும். அவர்களுக்கு வண்டியே பிழைப்பு. அது நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும்.

அணைக்குமுன் ஒரு நிமிடம்

நல்ல எண்ணெயை வாங்கியபின்னும் அதைக் கெடுத்துவிடுதல் எளிது. விரைவுச்சாலையில் ஓடி வந்த வண்டியை நிறுத்தியவுடன் சாவியைத் திருப்பி அணைத்தால், எண்ணெயின் ஓட்டம் அக்கணமே நின்றுவிடும். சுழலியின் வெப்பமோ நிற்காது. அது மெல்லத் தண்டினுள் ஊர்ந்து, அங்கே தேங்கிய எண்ணெயைக் கரியாக்கும். வீட்டை நெருங்கும்போது வேகத்தைத் தணித்து, நிறுத்தியபின் ஒரு நிமிடம் எஞ்சினை அமைதியாக ஓடவிட்டு அணைத்தால் வெப்பம் தணியும். காலையிலும் முடுக்கியவுடனே கைப்பிடியை முறுக்காது, எண்ணெய் எங்கும் பரவச் சற்றே பொறுக்கவேண்டும்.

வண்டியை நேராக நிறுத்தி எண்ணெய் மட்டம் பார்த்தலும், புகைக்குழாயில் நீலப்புகை தோன்றுகிறதா என நோக்கலும் வேண்டும். நீலப்புகை, எண்ணெய் எங்கோ கசிந்து எரிகிறது என்பதற்கு அடையாளம். ஆண்டில் சில நாள் மட்டுமே ஓடும் பழைய வண்டியாயினும், தூரம் ஓடவில்லை என்று எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப் போடலாகாது. ஈரப்பதம் மிகுந்த இத்தீவில் நின்றுகொண்டிருக்கும் வண்டியின் எண்ணெயும் முதுமை அடைகிறது.

இரண்டாம் வகுப்பு உரிமம் இன்றி 400 கன செண்டிமீட்டருக்கு மேற்பட்ட வண்டியைச் சிங்கப்பூரில் ஓட்ட இயலாது. அவ்வுரிமத்தை அடையப் படிப்படியாகக் கீழ் வகுப்புகளில் தேறி வரவேண்டும். அத்துணைப் பொறுமையோடு கற்றவருக்கு, அணைக்குமுன் ஒரு நிமிடம் பொறுத்தல் அரிதன்று.

பழைய எண்ணெய் போகுமிடம்

வடித்த பழைய எண்ணெயின் கதையைச் சொல்லாவிடின் இப்பொருள் நிறைவுறாது. அதில் கரியும் உலோகத் துகளும் கலந்திருக்கும். பட்டறைகள் அதைத் தனியே சேர்த்து, உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்கின்றன. வீட்டில் தாமே எண்ணெய் மாற்றிக்கொள்வோர் சிலர், ஒரு கலன்தானே என்று சாக்கடையில் ஊற்றிவிட எண்ணலாம். தேக்காவை அடுத்து ஓடும் ரோச்சோர் கால்வாயை அவர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். அக்கால்வாயின் நீர் மரினா நீர்த்தேக்கத்தை நோக்கிச் செல்கிறது. 2008ஆம் ஆண்டில் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டபின், ஒருகாலத்தில் கடலில் கலந்த நீர் இன்று சுத்திகரிக்கப்பட்டுக் குழாய்நீராக வீடுகளுக்கே திரும்பி வருகிறது. சாக்கடையில் ஊற்றியவர் வீட்டுச் சமையலுக்கும் அந்நீரே. பழைய எண்ணெயை மூடிய கலனில் ஊற்றி, அதனை ஏற்கும் பட்டறையில் சேர்ப்பித்தல் ஓட்டுநரின் கடைசிக் கடமை.

மளிகைக் கடை அடுக்கின் முன் நிற்கும் தாயார், வேலையை முதலில் எண்ணிப் பின்னரே புட்டியை எடுக்கிறார். எண்ணெய்க் கடையில் நிற்கும் மகனும் அவ்வாறே தன் வண்டியின் வேலையை எண்ணி, கையேட்டைப் புரட்டி, கலனின் குறிகளைப் படித்து எடுப்பானாயின், வண்டி நெடுநாள் உழைக்கும்; அவனை நம்பிப் பின்னால் அமர்ந்து வருபவரும் நலமாக வீடு சேர்வர்.